94 மார்க் வாங்கிய தளமும் எடுக்க முடியாத டோக்கனும்

2025 ஜூன் இரண்டாவது வாரம். காலை ஏழு மணிகூட ஆகவில்லை, போன்.

"தம்பி, அந்த மாங்கா டோக்கன் சைட்டு நீங்கதான போட்டது?"

ஆமாம் என்றேன்.

"எனக்குக் கண்ணு தெரியாது தம்பி. போன மாசம் வரைக்கும் என் பொண்ணு எடுத்துக் குடுத்துட்டிருந்தா. இப்ப பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. நீங்க எட்டு மணிக்கு டோக்கன் விடுறீங்க, அவ எட்டு மணிக்கு பஸ்ஸுல போயிட்டிருப்பா. காய் மரத்துலயே கெடக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அந்தத் தளத்தை ஒப்படைக்கும்போது லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்து, அணுகல்தன்மைக்கு 100-க்கு 94 வந்ததைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பில்லில் 'மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும் வகையில்' என்று ஒரு வரியும் சேர்த்து, அதற்குக் காசும் வாங்கியிருந்தேன். இவர் என்னடாவென்றால் ஒன்றும் ஆகவில்லை என்கிறார். போனில் ஏதோ செட்டிங் தப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் வருகிறேன் என்றேன். போய்ப் பார்த்ததையும் அதற்கப்புறம் செய்ததையும் ஒளிக்காமல் எழுதிவைக்கிறேன், இதே வேலை செய்கிறவர்களுக்கு உதவும்.

தளம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாம்பழம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அல்போன்சாவும் செந்தூராவும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் கூழ் ஆலைக்குப் போவது பெரும்பாலும் பெங்களூரா, புத்தகத்தில் தோத்தாபுரி என்று போடுவார்களே, அது. சீசனில் ஆலை வாசலில் டிராக்டரும் குட்டி யானையும் வரிசை கட்டி நிற்கும், வெயிலில் ஒரு நாள் நின்றாலே அடியில் இருக்கிற காய் நசுங்க ஆரம்பிக்கும். அதனால் காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிகள் குழு ஒன்று, பெயர் வேண்டாம், தன் உறுப்பினர்களுக்கு நேரம் பிரித்து டோக்கன் கொடுக்க ஒரு தளம் கேட்டது. 2024 சீசனுக்கு முன்னால் செய்து கொடுத்தேன். உறுப்பினர் எண், தேதி, நேரம், வண்டி எண், ஓடிபி. கூடவே அன்றைய விலை, வாராவாரம் பணப் பட்டுவாடா சீட்டு. முதல் வருடம் பெரிதாகப் புகார் இல்லை. 2025-ல் பெங்களூரா விலை அடிமாட்டு விலைக்கு விழுந்துகொண்டே போனதால் இன்றைக்கு இறக்குவதா நாளைக்கா என்பதே வீட்டுக்கு வீடு பெரிய பேச்சாகிவிட்டது. விலையைப் பார்க்காமல் டோக்கன் எடுக்க ஒருவரும் தயாரில்லை.

போன் செய்த அந்த அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு. முப்பது வயதுக்கு மேல் முதலில் ராத்திரியில் தெரியாமல் போய், அப்புறம் பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, கடைசியில் வெளிச்சம் மட்டும் மிச்சம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தோப்பு வேலையை மனைவி பார்க்கிறார், கணக்கும் போனும் இவர். திண்ணையில் ஒரு பழைய லேப்டாப். அதில் என்விடிஏ. திரையில் இருப்பதைக் குரலாகச் சொல்லும் மென்பொருள் (ஸ்கிரீன் ரீடர் என்பார்கள்) அது, 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் ஆரம்பித்தது, இன்றுவரை இலவசம். போனில் அதே வேலையைச் செய்கிற, ஆண்ட்ராய்டோடு வருகிற டாக்பேக். குரலின் வேகத்தை அவர் வைத்திருந்த அளவில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. "உங்களுக்காகக் குறைக்கிறேன்" என்று பாதியாக்கினார்.

நான் வாயைத் திறப்பதில்லை, கையை வைப்பதில்லை என்று முடிவு செய்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வேலையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த 22 நிமிடம்தான்.

முதலில் லேப்டாப். தளம் திறந்ததும் 'எச்' எழுத்தை அழுத்தினார். தலைப்புக்குத் தலைப்பு தாவ அதுதான் வழி, நாம் கண்ணால் பக்கத்தை மேலோட்டமாக மேய்வதுபோல. "நோ நெக்ஸ்ட் ஹெடிங்" என்றது. தலைப்பே இல்லை. எனக்குத் தலைப்பாகத் தெரிந்ததெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கித் தடித்து வைத்த வெறும் பத்திகள். 'பி' அழுத்தினார், பொத்தானைத் தேட. "நோ நெக்ஸ்ட் பட்டன்." பொத்தானும் இல்லை. பச்சை நிறத்தில் உருண்டையாக அழகாக ஒன்று செய்திருந்தேன், அது பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பொத்தான் அல்ல, ஒரு டிவ், அதாவது வெறும் பெட்டி, மேலே சொடுக்கினால் ஓடும்படி நிரல் ஒட்டியது. கண்ணுக்குப் பொத்தான், காதுக்கு ஒன்றுமில்லை.

சரி என்று கீழ் அம்புக்குறியை அழுத்தி வரி வரியாக வந்தார். இங்கேதான் எனக்கு வேர்த்தது. ஆங்கில உச்சரிப்பில் "டுவென்டி... ஃபோர்... எய்ட்" என்று எண்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனது. தமிழ் எழுத்து ஒன்றுகூட வெளியே வரவில்லை. பக்கம் எந்த மொழி என்று சொல்கிற லேங் என்ற இடத்தில், நான் வாங்கிய டெம்ப்ளேட்டில் இருந்த 'இஎன்' அப்படியே கிடந்தது. ஆங்கிலப் பக்கம் என்று நம்பிய என்விடிஏ ஆங்கிலக் குரலைக் கூப்பிட்டது, அவர் வைத்திருந்த அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது, தெரியாததை விழுங்கிவிட்டது. இரண்டு எழுத்து. 'டிஏ' என்று மாற்றியிருந்தால் முடிந்தது. லைட்ஹவுஸ் அந்த இடத்தில் ஏதாவது செல்லுபடியாகும் மொழிக் குறி இருக்கிறதா என்றுதான் பார்க்கும், பக்கத்தில் இருப்பது அந்த மொழிதானா என்று பார்க்காது. அதனால் எனக்கு அதற்கு முழு மார்க்.

அவர் என்விடிஏவில் மொழியைத் தானாக மாற்றுவதை நிறுத்திவிட்டுத் தமிழ்க் குரலிலேயே தொடர்ந்தார். பழக்கம் போலிருக்கிறது, அலுத்துக்கொள்ளவே இல்லை. விலைக்கு வந்தார். "இன்றைய விலை, கிராஃபிக்." அவ்வளவுதான். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா தினமும் விலையைப் படமாகச் செய்து ஏற்றுவார், மஞ்சள் பின்னணி, ஓரத்தில் மாம்பழம், நடுவில் விலை. படத்துக்குப் பதிலாகப் படித்துக் காட்ட மாற்று உரை வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் எல்லாப் படத்துக்கும் தானாகவே 'இன்றைய விலை' என்று விழும்படி எழுதி வைத்திருந்தேன். கருவி டிக் போட்டது. விலை என்ன என்பது மட்டும் அதில் இல்லை.

"பாத்தீங்களா தம்பி, விலைன்னு ஒன்னு இருக்குதுன்னு சொல்லுது, எவ்ளோன்னு சொல்ல மாட்டேங்குது. எங்க மண்டிக்காரரு மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்.

அப்புறம் போனுக்கு மாறினார். தேதிக்கு நான் போட்டிருந்தது மாதம் முழுவதும் விரிகிற காலண்டர். டாக்பேக்கில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளித் தள்ளி ஜூன் ஒன்றிலிருந்து வர வேண்டியிருந்தது. நேரம் அதைவிட மோசம்: காலியாக இருப்பது பச்சை, நிரம்பியது சிவப்பு. காதுக்குக் கேட்டது "ஒன்பது பத்து, பத்து பதினொன்று, பதினொன்று பன்னிரண்டு" என்று வெறும் எண்கள். நிரம்பிய நேரத்தை அழுத்தினால் ஒன்றும் நடக்காது, ஏன் என்று சொல்லவும் செய்யாது. மூன்றாவது நேரத்தில்தான் ஏதோ நகர்ந்தது. (பின்னால் தெரிந்த விஷயம்: எடைமேடையில் நிற்கிற பையனுக்கே சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாதாம். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் சமாளித்திருக்கிறான்.)

அடுத்தது கேப்ட்சா, ரோபோ இல்லை, ஆள்தான் என்று காட்டுவதற்காகப் படித்து அடிக்கச் சொல்கிற நெளிந்த எழுத்துப் படம். இங்கே மகளின் உதவி இல்லாமல் தாண்டவே முடியாது, நான்தான் வாசித்துச் சொன்னேன். வாயைத் திறப்பதில்லை என்ற சபதம் அதோடு போயிற்று. அப்புறம் ஓடிபி. ஆறு இலக்கம், 30 வினாடி. செய்தி வந்தது, டாக்பேக் படித்தது: அன்புள்ள வாடிக்கையாளரே என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, குழுவின் முழுப் பெயர், யாரிடமும் பகிராதீர்கள் என்ற எச்சரிக்கை, எல்லாம் முடிந்து கடைசியில் எண். அதுவும் தனித்தனி இலக்கமாக இல்லை, "நாலு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து" என்று மொத்தமாக. பிரவுசருக்குத் திரும்புவதற்குள் நேரம் முடிந்து, பக்கம் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி கேப்ட்சா.

மூன்றாவது முறை எண் உள்ளே போனது. சமர்ப்பித்தார். நிசப்தம். திரையின் மேலே பச்சைப் பட்டையில் 'டோக்கன் பதிவாகிவிட்டது' என்று மூன்று வினாடி தெரிந்து மறைந்ததை நான் பார்த்தேன். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஆகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினார். இரண்டாவது டோக்கன். அப்போதுதான் சொன்னார், போன வாரம் இப்படியே மூன்று டோக்கன் விழுந்து, ஒரே ஆள் மூன்று இடம் பிடிக்கிறார் என்று அலுவலகத்தில் சத்தம் போட்டார்களாம், எல்லார் முன்னாலும். "நான் வேணும்னு எடுக்கலன்னு சொன்னேன். நம்பல." இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் நான் யோசித்ததெல்லாம் அந்த 94-ஐப் பற்றித்தான். கருவி பொய் சொல்லவில்லை. முடிவுக்குக் கீழேயே, தானியங்கிச் சோதனையால் பார்க்க முடியாதவை, கையால் பாருங்கள் என்று தனியாக ஒரு பட்டியல் கொடுக்கும். அதை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. போன 6 மார்க்கும் எதற்கு என்றால் நிறத்துக்கு: மாம்பழ மஞ்சள் எழுத்து, வெள்ளைப் பின்னணி. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் நெறிமுறை, என்னுடையது 2-ஐக்கூடத் தொடவில்லை. டிசைனுக்காக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். நான் மட்டும் இப்படியில்லை என்பது ஆறுதலா தெரியாது: வெப்எய்ம் என்ற அமெரிக்க அணுகல்தன்மை அமைப்பு 2025-ல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதித்ததில் 94.8 சதவீதத்தில் பிழை இருந்தது, அதில் அதிகம் காணப்பட்டது இதே மங்கல் எழுத்துதான். கருவி கண்டுபிடிக்கக்கூடிய பிழையே இவ்வளவு. என் தளத்தில் ஆளைத் தடுத்தவை கருவியின் கண்ணில் படாதவை.

குழுவிடம் பேசியது

இயக்குநர் ஒருவர் நேராகக் கேட்டார், "இது கட்டாயமாப்பா? நம்ம மெம்பர்ல கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு?"

போன் செய்தவர் ஒருவர்தான், எனக்குத் தெரிந்து. ஆனால் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்வது 21 வகைக் குறைபாடு, பார்வை மட்டுமில்லை, சேவை தருகிறவர் அரசா தனியாரா என்றும் அது பிரிப்பதில்லை. தளங்களுக்கும் செயலிகளுக்கும் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரத்தை 2023-ல் விதிகளில் சேர்த்தாயிற்று. 2025 ஏப்ரல் 30-ம் தேதிதான் உச்ச நீதிமன்றம், ஆன்லைன் கேஒய்சிக்கு கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னதால் தவித்த ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கிலும், பார்வையற்ற ஒருவரின் வழக்கிலும், டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பு சொல்லியிருந்தது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அவர்களை அசைத்தது வேறு. "உறுப்பினர்ல அறுபது வயசுக்கு மேல எத்தன பேரு, கேடராக்ட் ஆனவங்க எத்தன பேரு, பேரனக் கூப்பிட்டு டோக்கன் எடுக்கச் சொல்றவங்க எத்தன பேரு?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்ட இயக்குநரே மகனைக் கூப்பிட்டுத்தான் எடுப்பாராம்.

"சரி, பண்ணுங்க. ஆனா தனியா காசு கேட்காதீங்க." நியாயம்தான். பில்லில் ஏற்கெனவே வாங்கிவிட்டேனே.

ஒருவர், ஓரத்தில் ஒரு சக்கர நாற்காலிப் பொத்தானை ஒட்டினால் போதும், எழுத்தைப் பெரிதாக்கும், படித்துக் காட்டும், வருடச் சந்தாவுக்குக் கிடைக்கிறது என்றார். அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டேன். "எங்கிட்ட ஏற்கெனவே படிக்கிறது இருக்கு தம்பி. அதுவும் சேந்து படிச்சா ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுற மாதிரி இருக்கும்." 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், எந்தத் தளத்தையும் தானாகவே நெறிமுறைக்கு ஏற்ப மாற்றிவிடுவோம் என்று விளம்பரம் செய்த இப்படிப்பட்ட ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அறிவித்ததையும் சொன்னேன். பேச்சு அதோடு முடிந்தது.

திருத்தியது

பெரும்பாலும் நான் சேர்த்ததைவிட எடுத்ததுதான் அதிகம். காலண்டரை எடுத்தேன். யோசித்துப் பார்த்தால் டோக்கன் கொடுப்பதே இன்றைக்கு, நாளைக்கு, நாளை மறுநாள் என்று மூன்று நாளுக்குத்தான், அதற்கு எதற்கு முப்பது கட்டம்? ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கிற மூன்று ரேடியோ பொத்தான், 'இன்று, செவ்வாய்' என்று தமிழில். நேரத்துக்கும் அதே. நிரம்பியதில் '9 முதல் 10 வரை, நிரம்பிவிட்டது' என்று எழுத்தாகவே எழுதினேன், நிறம் கூடுதலுக்கு இருக்கட்டும். டிவ் பொத்தான்களை நிஜப் பொத்தான்களாக்கினேன், எச்டிஎம்எல் முப்பது வருடமாகச் சும்மா தருவதை நான் நூறு வரி எழுதிக் கெடுத்து வைத்திருந்தேன். தலைப்புகளுக்குத் தலைப்புக் குறி. லேங் 'டிஏ'. மேலே ஓடிக்கொண்டிருந்த வாழ்த்துப் பட்டை போயே போச்சு. மஞ்சள் எழுத்து கரும்பச்சை ஆனது.

விலைப் படம்தான் ஆள் சம்பந்தப்பட்டது. அக்காவிடம் இனி படம் போடாதீர்கள், அட்டவணையாக அடியுங்கள் என்றால் இரண்டு நாள் செய்வார், மூன்றாம் நாள் பழையபடி படம் வரும். அவர் படம் செய்வதற்குக் காரணம் இருந்தது, உறுப்பினர்கள் அதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். அதனால் அவர் போனில் நான்கே பெட்டி வைத்தேன்: பெங்களூரா, நீலம், செந்தூரா, அல்போன்சா. விலையை மட்டும் அடித்தால் தளத்தில் எழுத்தாக அட்டவணையும், வாட்ஸ்அப்புக்கு மஞ்சள் படமும் தானாகத் தயார். "மாம்பழம் ஓரத்துல வருமா?" என்று கேட்டார். வரும் அக்கா என்றேன். அதற்கப்புறம் ஒருநாள்கூட அவர் பழைய வழிக்குப் போகவில்லை.

ஓடிபியை நான்கு இலக்கமாக்கி, நேரத்தை ஐந்து நிமிடமாக்கி, மூன்று முறை தப்பினால் பூட்டு என்று வைத்தேன். மாங்காய் டோக்கனுக்கு இந்தப் பாதுகாப்பு போதும், வங்கி லாக்கரா இது. நேரக்கெடு வைத்தால் முடிவதற்கு முன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 வினாடியாவது தர வேண்டும் என்கிறது நெறிமுறை. அதையும் சேர்த்தேன். பெட்டிக்கு 'இது ஒருமுறை எண்' என்ற ஆட்டோகம்ப்ளீட் குறிப்பு போட்டதில், பல போன்களில் செய்தியைத் திறக்காமலே எண்ணை நிரப்ப முடிகிறது. செய்தியில் எண்ணை முன்னால் கொண்டுவருவதற்குத்தான் நாள் பிடித்தது. தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி எஸ்எம்எஸ் வாசகத்தை டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும், ஒரு வார்த்தை மாற்றினாலும் புதிதாக.

முடிந்ததும் மறைகிற பச்சைப் பட்டைக்குப் பதில் தனிப் பக்கம், பக்கத்தின் பெயரே 'டோக்கன் 47, நாளை 9 முதல் 10 வரை'. பக்கம் திறந்ததும் முதலில் கேட்பது அதுதான். ஒரே நாளில் அதே வண்டி எண்ணுக்கு மறுபடி எடுத்தால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பழைய டோக்கனையே காட்டும். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்த மனிதர் அலுவலகத்தில் ஏச்சு வாங்கியிருக்க மாட்டார்.

கேப்ட்சாவை எடுத்தபோதுதான் அடுத்த கோமாளித்தனம். ரோபோக்களைப் பிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு, ஆள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியை வைப்பது, அதை நிரப்பினால் ரோபோ என்று தள்ளிவிடுவது. வைத்தேன், திரைக்கு வெளியே இடதுபக்கம் தள்ளி. மறுநாள் காலை அண்ணன் போன்: "தம்பி, எல்லாம் நல்லா வருது, ஆனா கடைசில அனுமதி இல்லைங்குது." பார்த்தால், 'உங்கள் இணையதளம்' என்று நான் ஒளித்து வைத்த பெட்டியை டாக்பேக் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறது, அவரும் கேட்கிறார்களே என்று குழுவின் தள முகவரியையே நிரப்பியிருக்கிறார். கண்ணுக்கு மறைத்தது காதுக்கு மறையவில்லை. பெட்டியையே எடுத்துவிட்டேன். சர்வர் பக்கத்தில் ஒரு எண்ணிலிருந்து எத்தனை முறை என்ற கட்டுப்பாடு மட்டும். அந்த சீசன் முழுக்க ஒரு ரோபோவும் மாங்காய் இறக்க வரவில்லை.

பாமினி

டோக்கன் வேலை ஒன்பது நாளில் முடிந்தது. பட்டுவாடாச் சீட்டு அதைவிட அதிகம் இழுத்தது, இது நம் ஊருக்கே உரிய தொல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீட்டு பிடிஎஃப்பாகத் திரையில் அச்சுப் பிசகாமல் தெரியும். அண்ணன் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கூச்சல். காரணம், கணக்கு மென்பொருள் பாமினி எழுத்துருவில் ஓடுகிறது. அதில் 'தமிழ்' என்று தெரிவதன் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி மாட்டியதுதான் அந்தக் காலத்து எழுத்துரு. கண் முகமூடியைப் பார்க்கிறது, ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. 2010-லேயே தமிழக அரசு, தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியே தருகிற யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது, ஆனால் டிடிபி கடைகளிலும் பழைய கணக்கு மென்பொருள்களிலும் பாமினி இன்னும் உட்கார்ந்திருக்கிறது, தட்டச்சு பழகின விரல் சுலபத்தில் மாறாது.

மாற்றி எழுதுவது எழுத்துக்கு எழுத்து நேர் மாற்றம் இல்லை. பாமினியில் 'கொ' என்பது என், எஃப், எச் என்ற மூன்று விசை: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால், அதுவும் ஒரே குறி. வரிசையைப் புரட்டாமல் மாற்றினால் கொம்பு முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், பேர் நாறிவிடும். அதைச் சரி செய்து ஓட்டினேன், பெயர்கள் நன்றாக வந்தன, வண்டி எண்கள் எல்லாம் தமிழ்க் குப்பையாகிவிட்டன. டிஎன் 24 நிஜமாகவே ஆங்கில எழுத்து, அதையும் பாமினி என்று நினைத்து மாற்றியிருக்கிறது என் நிரல். எந்தக் கட்டம் எந்த எழுத்துரு என்பதைத் தனித்தனியாகப் பார்த்து மாற்ற வேண்டியிருந்தது. உறுப்பினர் பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்து சிலருக்குத் தமிழில், சிலருக்கு ஆங்கிலத்தில், ஒருவருக்கு இரண்டும். கடைசியில் அக்காவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியலைக் கையால் சரிபார்த்தோம்.

இப்போது சீட்டு தளத்திலேயே அட்டவணையாக வருகிறது: தேதி, எடை, கழிவு, விலை, தொகை, ஒவ்வொரு பத்திக்கும் தலைப்புக் குறி போட்டு. அண்ணன் கட்டத்திலிருந்து கட்டத்துக்கு நகரும்போது 'கழிவு, 38' என்று தலைப்போடு சொல்லும். முதல் நாள் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ரெண்டு வருசமா கழிவுன்னு எவ்ளோ புடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. என் பொண்ணு மொத்தத்த மட்டுந்தான் படிப்பா." அடுத்த கூட்டத்தில் கழிவுக் கணக்கைப் பற்றி எழுந்து கேள்வி கேட்டவர் அவர்தான். இயக்குநர் என்னைத்தான் முறைத்தார்.

இப்போது

ஜூலை முதல் வாரம் மறுபடி அதே திண்ணையில் உட்கார்ந்தேன். இந்த முறை போனில் மட்டும். விலையைக் கேட்டு, நாளைக்கு இன்னும் இறங்கும் என்று முணுமுணுத்து, இன்றைக்கே என்று தேர்ந்தெடுத்து, டோக்கன் எண் காதில் விழும் வரை இரண்டு நிமிடம் பத்து வினாடி. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. லைட்ஹவுஸில் இப்போது 100, ஆனால் படம் பிடித்து யாருக்கும் அனுப்பவில்லை. எட்டு மணிக்கு வருகிற போன்கள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன என்கிறார் அக்கா. தோப்பில் வெயிலில் நின்றுகொண்டு எழுத்தே தெரியலை என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் கண் நன்றாகத் தெரிகிறவர்கள், கரும்பச்சை அவர்களுக்குத்தான் அதிகம் உதவியிருக்கிறது.

முடியாதவையும் உண்டு. பழைய சீட்டுகள், 2024-ல் வெளிவந்தவை, இன்னும் பாமினி பிடிஎஃப்தான், யாராவது கேட்டால் ஒவ்வொன்றாக மாற்றித் தருகிறேன். பணம் ஏறியதா என்று பார்க்கப் போகிற வேறொரு தளத்தில் இதைவிட மோசமான கேப்ட்சா இருக்கிறது, அது என் கையில் இல்லை.

எடைச் சீட்டு ஒன்று பாக்கி. எடைமேடையில் கொடுக்கும் துண்டுச் சீட்டை அவர் போன் கேமராவில் காட்டிப் படிக்க வைக்கிறார், மை மங்கினால் 1-ஐ 7 என்கிறது. எடை போட்ட உடனே எஸ்எம்எஸ் போகும்படி எழுதியாயிற்று, டிஎல்டியில் வாசகம் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, திருத்தி மறுபடி போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறார், "தம்பி, அது என்னாச்சு?"